பாயின்ட் டூ டூ இலக்கு ரைபிளைத் தேர்ந்தெடுத்தல்: ஒரு முழுமையான வழிகாட்டி

ஐம்பது மீட்டர் தூரத்தில் வைக்கப்படும் சர்வதேச இலக்குத் தாளில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். ஏறத்தாழ ஒரு சுண்டுவிரல் நகத்தின் அகலம்தான். பாயின்ட் டூ டூ எனப்படும் .22 அங்குலத் தோட்டாவின் ஈயக்குண்டு 5.6 மி.மீ. விட்டம் கொண்டது, அதன் ஓரம் வட்டக்கோட்டைத் தொட்டாலே பத்துப் புள்ளி என்பதால், குண்டின் மையம் இலக்கின் நடுவிலிருந்து 8 மி.மீ. வரை விலகலாம். ஆகவே ஒரு ரைபிளிலிருந்து புறப்படும் குண்டுகள் அனைத்தும், மையத்துக்கு மையம் அளந்தால், 16 மி.மீ. வட்டத்துக்குள் அடங்கினால், அந்த ரைபிளால் சுடுபவருக்குப் பத்து தவறாது. தசமப் புள்ளி வழங்கப்படும் போட்டிகளில் கணக்கு இன்னும் இறுகிவிடும். அங்கே 0.1 புள்ளிக்கு 0.8 மி.மீ.; 10.9 பெற வேண்டுமானால் குண்டின் மையம் நடுப்புள்ளியிலிருந்து 0.8 மி.மீ.க்குள் விழ வேண்டும்.

ரைபிள் வாங்க வருபவர்களிடம் நான் முதலில் இந்தக் கணக்கைத்தான் சொல்வது வழக்கம். பெரும்பாலோர் கேட்கும் முதல் கேள்வி "எந்தக் கம்பெனி நல்லது?" என்பதாக இருக்கும். அந்தக் கேள்வி தவறானது அன்று. ஆனால் மூன்றாவதாகவோ நான்காவதாகவோ கேட்க வேண்டியது. சுடுபவரின் உடலுக்கு ரைபிள் பொருந்துகிறதா, அதன் குழல் எந்தத் தோட்டாவோடு ஒத்துப்போகிறது என்ற இரண்டுக்கும் விடை தெரியாமல் பெயரைப் பார்த்து வாங்குபவர், விலையுயர்ந்த ஒரு ரைபிளைக் கொண்டு ஒன்பதுகளைச் சுட்டுக்கொண்டிருப்பார்.

முதலில் போட்டியை முடிவு செய்யுங்கள்

"இலக்குச் சுடுதல்" என்பது ஒரே விளையாட்டின் பெயர் அன்று. ஒலிம்பிக்கில் இன்று இருக்கும் 50 மீட்டர் ரைபிள் போட்டி மூன்று நிலைப் போட்டியாகும்: மண்டியிட்டும், படுத்தும், நின்றும் சுட வேண்டும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றது இந்தப் பிரிவில்தான். படுத்து மட்டும் சுடும் ஆடவர் போட்டி 2016 ரியோவோடு ஒலிம்பிக்கிலிருந்து விடைபெற்றுவிட்டது. 2012 லண்டனில் அந்தப் பிரிவில் ஜாய்தீப் கர்மாகர் நான்காம் இடத்தோடு பதக்கத்தை நூலிழையில் தவறவிட்டது பலருக்கு நினைவிருக்கலாம். இவை தவிர, ரைபிளை மேசை மீது தாங்கிகளில் வைத்துச் சுடும் பெஞ்ச்ரெஸ்ட் என்ற வகையும் வெளிநாடுகளில் பரவலாக உள்ளது.

இந்தத் தேர்வு ஏன் முதலில் வர வேண்டும்? சர்வதேசத் துப்பாக்கிச் சுடுதல் கூட்டமைப்பின் விதிப்படி 50 மீட்டர் ரைபிள் 8 கிலோவுக்கு மிகக் கூடாது. தொலைநோக்கி பொருத்தக் கூடாது. சிறு துளை வழியே குறிபார்க்கும் கருவியான துளைவழிப் பார்வைதான் அனுமதிக்கப்படும். பெஞ்ச்ரெஸ்டில் தொலைநோக்கி இல்லாமல் யாரும் வர மாட்டார்கள். அங்கே ரைபிள் உடலுக்குப் பொருந்த வேண்டிய தேவையும் குறைவு. மூன்று நிலைப் போட்டிக்கோ, கன்னத்தாங்கி, தோள்தட்டு, பார்வையின் உயரம் ஆகிய அனைத்தும் ஒவ்வொரு நிலைக்கும் மாற்றக்கூடியவையாக இருந்தாக வேண்டும். ஒன்றுக்காக வாங்கியதை மற்றொன்றுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்ற எண்ணம் பெரும்பாலும் இரண்டு முறை செலவில் கொண்டுபோய் விடும். இந்தக் கட்டுரை இனி மூன்று நிலைப் போட்டியையும் படுத்துச் சுடுவதையும் மனத்தில் வைத்தே செல்கிறது.

உரிமமும் கிளப் ரைபிளும்

காற்றுத் துப்பாக்கியிலிருந்து வருபவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். .22 என்பது வெடிமருந்தால் இயங்கும் துப்பாக்கி. இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின்கீழ் உரிமம் பெறாமல் அதை வாங்கவோ வைத்திருக்கவோ முடியாது. உரிமம் வழங்குபவர் மாவட்ட ஆட்சியர், பெருநகரங்களில் காவல் ஆணையர். சொந்தமாக வைத்துக்கொள்ள 21 வயது நிறைந்திருக்க வேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. போட்டியாளர்களுக்குத் தனி விதிவிலக்குகள் உண்டு. இளையவர்கள் பயிற்சி பெறுவதற்கான வழி தேசிய ரைபிள் சங்கத்தோடும் மாநிலச் சங்கத்தோடும் இணைந்த கிளப்புகள்தான்.

இதைத் தடையாக எண்ண வேண்டாம். உரிமத்துக்குக் காத்திருக்கும் மாதங்கள் கிளப் ரைபிளில் சுடுவதற்குக் கிடைத்த மாதங்கள். குறைந்தது ஓராண்டாவது கிளப் ரைபிளில் மூன்று நிலைகளிலும் சுட்டுப் பார்க்காதவருக்குத் தன் கை எவ்வளவு நீளம், கழுத்து எவ்வளவு உயரம், எவ்வளவு எடையைத் தாங்க முடிகிறது என்பதே தெரிந்திருக்காது. அந்த அறிவு இல்லாமல் வாங்குவது, கால் அளவு தெரியாமல் செருப்பு வாங்குவதைப் போன்றது.

உடலுக்குப் பொருந்துகிறதா?

எங்கள் கிளப்பில் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி நின்று சுடும்போது குண்டுகள் எப்போதும் இடப்பக்கமே சென்றுகொண்டிருந்தன. பார்வையைத் திருகித் திருகிச் சரிசெய்தாள். மறுநாள் மீண்டும் அதே கதை. ரைபிளைத் தோளில் ஏந்தி, கண்களை மூடி, மூன்று மூச்சு விட்டபின் திறக்கச் சொன்னேன். கண் திறந்தபோது முன்பார்வையின் வளையம் அடுத்த பாதையின் இலக்கைக் காட்டிக்கொண்டிருந்தது. ரைபிளின் பின்கட்டை அவளுக்கு நீளம் அதிகம். ஒவ்வொரு முறையும் தசையின் பலத்தால் ரைபிளை வலப்பக்கம் இழுத்து இலக்குக்குக் கொண்டுவந்தாள், விசையை (டிரிக்கரை) அழுத்தும் நொடியில் தசை தளர்ந்து ரைபிள் தன் இயல்பான இடத்துக்குத் திரும்பியது. இரண்டு இடைத்தகடுகளைக் கழற்றி நீளத்தைக் குறைத்து, கால்களின் நிலையைச் சற்று மாற்றியதும் இடப்பக்கச் சாய்வு மறைந்தது.

ஒரு ரைபிளைக் கையில் எடுக்கும்போது இந்தக் கண்மூடிச் சோதனையை அவசியம் செய்து பாருங்கள். அதனோடு நான்கு இடங்களைக் கவனியுங்கள். விசைவிரலின் முதல் கணுவுக்கு மேலுள்ள சதைப்பகுதி விசையின் மீது படிந்து, நேராகப் பின்னோக்கி அழுத்த முடிகிறதா? கைப்பிடி பெரிதாக இருந்தால் விரல்நுனிதான் எட்டும், அழுத்தம் பக்கவாட்டில் போகும். தலையைச் சாய்க்காமல் கன்னத்தாங்கியில் இயல்பாகப் பதித்தால் கண் தானாகவே துளையின் நடுவில் நிற்கிறதா? தோள்தட்டு தோளின் குழியில் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் அமர்கிறதா? படுத்த நிலையில் இடக்கையைத் தாங்கும் ஹேண்ட்ஸ்டாப் உங்கள் முன்கைக்கு ஏற்ற தூரத்துக்கு நகர்கிறதா? இவற்றில் ஒன்றுக்குச் சரிசெய்ய வழியில்லை என்றால், அந்த ரைபிள் எவ்வளவு துல்லியமாகச் சுட்டாலும் உங்களுக்கானது அன்று.

எடையைப் பற்றி ஒரு வார்த்தை. 8 கிலோ என்பது உச்சவரம்பே தவிர இலக்கு அன்று. மெலிந்த உடல்வாகு உடையவர்கள் ஐந்தரை, ஆறு கிலோவில் தொடங்கி, பின்னர் எடைத்துண்டுகளைச் சேர்த்துக்கொள்வதே முறை. எடை எவ்வளவு என்பதைக் காட்டிலும், அது எங்கே குவிந்திருக்கிறது என்பதே நின்று சுடும்போது அதிகம் உணரப்படும். இடதுகைக்காரர்கள் இடதுகை ரைபிளையே தேட வேண்டும். வலதுகை ரைபிளில் போல்ட்டை (தோட்டா அறையைத் திறந்து மூடும் தண்டை) இழுக்க ஒவ்வொரு முறையும் நிலை கலைந்துவிடும்.

குழலும் இயக்கப்பகுதியும்

ரிம்ஃபயர் என்ற சொல்லிலேயே இந்தத் தோட்டாவின் குணம் அடங்கியிருக்கிறது. தீப்பற்றும் மருந்து தோட்டாவின் அடித்தட்டு நடுவில் இல்லாமல், அதன் விளிம்பின் உட்புறம் சுற்றிலும் பூசப்பட்டிருக்கும். அடிஊசி அந்த விளிம்பை நசுக்கும்போது வெடிக்கும். 1887இல் அமெரிக்காவின் ஸ்டீவன்ஸ் நிறுவனம் கொண்டுவந்த .22 லாங் ரைபிள் தோட்டாதான் இன்றும் நாம் சுடுவது. விளிம்பின் பருமனும், பூச்சின் சீர்மையும், ஊசி படும் ஆழமும் சிறிதளவு மாறினாலும் குண்டின் வேகம் மாறும். மற்றத் தோட்டாக்களைப் போல இதை வீட்டில் நாமே நிரப்பிக்கொள்ளவும் முடியாது. ஆலையிலிருந்து வருவதைத்தான் சுட வேண்டும். ஆகவே குழல்தான் தோட்டாவுக்கு ஏற்ப அமைந்திருக்க வேண்டும்.

நல்ல இலக்குக் குழலின் அடையாளம் அதன் நீளம் அன்று. .22இன் மருந்து நாற்பது, நாற்பத்தைந்து சென்டிமீட்டருக்குள் தன் வேலையை முடித்துவிடும். அதற்கு மேற்பட்ட நீளம் முன்பார்வைக்கும் பின்பார்வைக்கும் இடையிலான தூரத்தைக் கூட்டவும், சமநிலைக்கும்தான் உதவுகிறது. இதனால்தான் சில நிறுவனங்கள் குட்டையான குழலின் முனையில் வெற்றுக் குழாய் ஒன்றை நீட்டிப் பார்வையை அதன்மேல் வைக்கின்றன. கவனிக்க வேண்டியவை வேறு இரண்டு. ஒன்று, தோட்டா அமரும் அறை: போட்டி ரைபிள்களில் அது இறுக்கமாகக் குடையப்பட்டிருக்கும், போல்ட்டை மூடும்போது குண்டின் முன்பகுதி குண்டைச் சுழலவைக்கும் குழலின் வரிப்பள்ளங்களுக்குள் இலேசாக அழுந்தும். அதனால் ஒவ்வொரு குண்டும் ஒரே கோணத்தில், ஒரே நேர்கோட்டில் புறப்படும். சுடாத தோட்டாவை வெளியே எடுத்துப் பார்த்தால் அந்த மெல்லிய கீறல்களைக் காணலாம். மற்றொன்று கிரௌன் எனப்படும் குழலின் வாய்முனை. குண்டு கடைசியாகத் தொடுவது அதைத்தான். அங்கே ஒரு பக்கம் தேய்ந்திருந்தால் வாயு ஒரு பக்கம் முந்திக்கொண்டு குண்டின் அடியைத் தள்ளிவிடும்.

பெயர்களுக்கு வருவோம். ஜெர்மனியின் ஆன்ஷுட்ஸ் நிறுவனம் 1856இல் தொடங்கியது; அதன் மேட்ச் 54 இயக்கப்பகுதி (தோட்டாவை அறையில் பூட்டிச் சுடவைக்கும் பகுதி) 1950களிலிருந்து இன்றுவரை போட்டிக்களங்களில் நிலைத்திருக்கிறது. 1907, 1913 என்ற எண்களைப் பார்த்து ஆண்டு என்று எண்ணிவிட வேண்டாம். அவை அந்த இயக்கப்பகுதியில் அமைந்த மாடல்களின் பெயர்கள். வால்தரின் கே.கே. வரிசையும், ஃபைன்வெர்க்பௌவின் 2700, 2800 மாடல்களும், ஸ்விட்சர்லாந்தின் பிளைக்கர், க்ரூனிக் உண்ட் எல்மிகர் ஆகியவையும் அதே படிநிலையில் இருப்பவை. இவற்றுக்கிடையே துல்லியத்தில் உள்ள வேறுபாடு, ஒரே மாடலின் இரண்டு குழல்களுக்கிடையே உள்ள வேறுபாட்டைவிடப் பெரும்பாலும் குறைவு என்பது என் கருத்து. ஒரு படி கீழே ஆன்ஷுட்ஸ் 64 வரிசை இருக்கிறது. தொடக்கநிலைப் போட்டியாளருக்கு அது போதும், உண்மையில் பல ஆண்டுகளுக்குப் போதும். பெஞ்ச்ரெஸ்டோ பொழுதுபோக்கு இலக்கோ நோக்கமானால் செக் நாட்டின் சி.இசட். 457, பின்லாந்தின் டிக்கா டி1எக்ஸ் ஆகியவை விலைக்கு மிஞ்சிய துல்லியம் தருபவை. 457இல் இறுக்கமான போட்டி அறை கொண்ட மாடல்களும் உண்டு, குழலைச் சுடுபவரே மாற்றிக்கொள்ளவும் முடியும். இந்தியக் கிளப்புகளில் பழைய பிர்னோ, பி.எஸ்.ஏ. மார்ட்டினி ரைபிள்கள் இன்றும் உயிரோடு உள்ளன. கற்றுக்கொள்ள அவை ஏற்றவை.

ஒரு தோட்டா மட்டும் ஏற்றும் ரைபிளா, மேகசின் உள்ளதா என்ற கேள்வியில் நேரத்தைச் செலவிட வேண்டாம். இந்தப் போட்டிகளுக்கு ஒற்றைத் தோட்டாதான். தானியங்கி வகைகள் இங்கே பொருந்தாது.

விசையும் பார்வையும்

பொழுதுபோக்கு ரைபிள்களின் விசை ஒரு கிலோவுக்கு அக்கம்பக்கமான அழுத்தம் கேட்கும். போட்டி ரைபிள்களில் நூறு கிராம் அளவுக்கு இறக்கி வைக்கிறார்கள். அழுத்தம் குறைவாக இருப்பதைவிட, இரண்டு கட்டங்களும் தெளிவாகப் பிரிந்திருப்பதே முக்கியம்: முதல் கட்டம் நகர்ந்து ஒரு சுவரில் முட்ட வேண்டும், அந்தச் சுவர் கண்ணாடி உடைவதுபோல் எந்த இழுவையும் இல்லாமல் விலக வேண்டும். வாங்கும் முன் உரிமையாளரின் அனுமதியோடும், அறை காலியென்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்தபின்னும் இருபது முறையாவது அழுத்திப் பாருங்கள். ஆனால் பாதுகாப்புத் தோட்டா (மருந்தில்லாத போலித் தோட்டா) அல்லது உலர்பயிற்சி அமைப்பு இல்லாமல் அதைச் செய்யக் கூடாது. காரணம் கீழே வருகிறது.

பின்பார்வை ரைபிளோடு வருகிறதா, தனியாக வாங்க வேண்டுமா என்பதை விலை பேசும்போதே கேளுங்கள். தரமான பார்வை ஒன்றின் விலை சாதாரண ரைபிள் ஒன்றின் விலையை எட்டிப் பிடிக்கும். திருகை ஒரு பக்கம் பத்துக் கிளிக், பிறகு எதிர்ப்பக்கம் பத்துக் கிளிக் திருப்பினால் குண்டு பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும். திரும்பவில்லை என்றால் அந்தப் பார்வையில் தேய்மானம் இருக்கிறது.

பழைய ரைபிளை வாங்கும்போது

என் சொந்தப் பணத்தில் வாங்கிய முதல் ரைபிள் பழையதுதான். வெளியே கண்ணாடி போல் மினுங்கியது. விற்றவர் வாரந்தோறும் துடைத்துப் பாதுகாத்ததாகச் சொன்னார், அது உண்மையும்கூட. முதல் நாளே குண்டுகள் 30 மி.மீ. அகலத்துக்குச் சிதறின. மூன்று வகைத் தோட்டா மாற்றியும் பயனில்லை. அனுபவமுள்ள துப்பாக்கிப் பணியாளர் ஒருவர் பெரிதாக்கும் கண்ணாடியால் வாய்முனையைப் பார்த்துவிட்டு, சுத்தம் செய்யும் கம்பியைப் பல ஆண்டுகளாக முன்பக்கமிருந்து நுழைத்ததில் ஓரம் ஒரு பக்கம் தேய்ந்து நீள்வட்டமாகிவிட்டது என்றார். சில மில்லிமீட்டர் வெட்டிப் புதிய கிரௌன் அமைத்ததும் சிதறல் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அளவுக்கு மீறிய பராமரிப்பே அந்தக் குழலைக் கெடுத்திருந்தது.

அன்றிலிருந்து பழைய ரைபிளைப் பார்க்கப் போகும்போது ஒரு பெரிதாக்கும் கண்ணாடி, சில பஞ்சுக்குச்சிகள், ஒரு கம்பி, சில துணித்துண்டுகள் ஆகியவற்றை எடுத்துச் செல்கிறேன். போல்ட்டைக் கழற்றியபின், பஞ்சுக்குச்சியை வாய்முனையின் உள்ளோரத்தில் மெதுவாகச் சுழற்றினால், பிசிறு இருக்கும் இடத்தில் பஞ்சு நூல் மாட்டி நிற்கும். பின்பக்கமிருந்து இறுக்கமான துணியைத் தள்ளும்போது கையில் உணரும் எதிர்ப்பு தொடக்கம் முதல் இறுதிவரை சீராக இருக்க வேண்டும். நடுவில் திடீரென்று தளர்ந்தால் அங்கே குழல் அகன்றிருக்கிறது, இறுகினால் ஈயமோ துருவோ படிந்திருக்கிறது. அறைக்குச் சற்று முன்னால் கரியும் ஈயமும் சேர்ந்து வளையமாகப் படிவது .22இல் வழக்கம், அது சுத்தம் செய்தால் போகக்கூடியது, விலை பேசத்தான் உதவும்.

அடுத்து அறையின் பின்விளிம்பைப் பாருங்கள். வெற்று அறையில் விசையைத் திரும்பத் திரும்ப அழுத்தினால், சில ரைபிள்களில் அடிஊசி அறையின் விளிம்பிலேயே மோதி ஒரு பள்ளத்தையும் அதன் பக்கத்தில் ஒரு மேட்டையும் உண்டாக்கிவிடும். அந்த மேடு தோட்டா முழுதாக அமர்வதைத் தடுக்கும், சுட்டபின் கூட்டை வெளியே எடுக்கவும் விடாது. விற்பவரிடம் சுட்ட கூடுகள் நான்கைந்து கேட்டு வாங்கி, விளிம்பில் ஊசி பதிந்த தடம் ஒரே ஆழத்தில், ஒரே இடத்தில் இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள்.

எத்தனை ஆயிரம் தோட்டா சுட்டது என்ற கேள்விக்கு அதிக மதிப்பு கொடுக்க வேண்டாம். மென்மையான ஈயமும் குறைந்த அழுத்தமும் குழலைத் தேய்ப்பது மிக மெதுவாகத்தான். முறையாகப் பேணிய குழல் பல பத்தாயிரம் தோட்டாக்களைக் கடந்தும் துல்லியத்தை இழக்காது. நம் கடலோர ஊர்களில் துருதான் பெரிய பகைவன். பெட்டியின் பஞ்சு மெத்தை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் என்பதால், பயிற்சி முடிந்து வியர்வைக் கையோடு தொட்ட ரைபிளை அப்படியே பெட்டியில் பூட்டி வைத்தவரின் குழலில், மெத்தை தொட்ட பக்கம் மட்டும் பழுப்புப் புள்ளிகள் தெரியும். ஸ்டாக்கை (குழல் அமர்ந்திருக்கும் கட்டையை) கழற்ற அனுமதித்தால் அதன் உட்புறத்தையும் பாருங்கள்.

தோட்டாவைத் தேர்ந்தெடுத்தல்

பணத்தில் ஒரு பகுதியை இதற்கென்று ஒதுக்காமல் ரைபிளை வாங்காதீர்கள். போட்டித் தோட்டாக்கள் அனைத்தும் ஒலியின் வேகத்துக்குக் கீழே, விநாடிக்கு ஏறத்தாழ 330 மீட்டரில் புறப்படுபவை. அதிவேகத் தோட்டாக்கள் ஒலியின் வேகத்தைத் தாண்டிக் கிளம்பி, வழியில் மீண்டும் அதற்குக் கீழே இறங்கும்போது குண்டு தடுமாறும். அவற்றை இலக்குக்குப் பயன்படுத்த வேண்டாம். 330 மீட்டரில் கிளம்பும் குண்டு 50 மீட்டரைக் கடக்கும்போது சுமார் 12 சென்டிமீட்டர் கீழே விழுகிறது. ஒரு குண்டின் வேகம் மற்றொன்றைவிட 10 மீட்டர் குறைந்தால், அது இலக்கில் ஏறத்தாழ 7 மி.மீ. தாழ்ந்து விழும். நடுவில் படவேண்டிய குண்டு பத்து வட்டத்தின் எல்லைக்கு வந்துவிட்டது என்று பொருள். சுடுபவர் எந்தத் தவறும் செய்யவில்லை.

ஈலி டெனெக்ஸ், லபுவா எக்ஸ்-ஆக்ட், ஆர்.டபிள்யூ.எஸ். ஆர்50 ஆகியவை மேல்தட்டுத் தோட்டாக்கள். பயிற்சிக்கு லபுவாவின் சென்டர்-எக்ஸ், எஸ்.கே. ஸ்டாண்டர்ட் பிளஸ் போன்றவை போதும். ஆனால் பெட்டியின் பெயரைவிட அதன் பக்கவாட்டில் அச்சிட்ட லாட் எண்தான், அதாவது ஆலையில் எந்தத் தொகுதியில் தயாரானது என்பதைக் காட்டும் எண்தான் முக்கியம். ஒரே பெயர், ஒரே விலை, வெவ்வேறு லாட் கொண்ட இரண்டு பெட்டிகளில் ஒன்று உங்கள் குழலில் 13 மி.மீ.யில் குவியலாம், மற்றொன்று 20 மி.மீ.க்குச் சிதறலாம். பக்கத்துப் பாதைக்காரரின் ரைபிளில் அதே இரண்டும் தலைகீழாகவும் நடக்கலாம். இதற்காகவே ஈலியும் லபுவாவும் சோதனைக்கூடங்களை நடத்துகின்றன; ரைபிளைப் பிடிப்பானில் பொருத்திப் பல லாட்களைச் சுட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

அங்கே செல்ல முடியாதவர் கிளப்பிலேயே செய்யலாம். ஸ்டாக்கின் திருகுகளை முதலில் உற்பத்தியாளர் சொன்ன அளவுக்கு முறுக்குமானியால் இறுக்கிக்கொள்ளுங்கள்; இது தளர்ந்திருந்தால் மற்ற எல்லாம் வீண். தோட்டா வகையை மாற்றும்போது முதல் பதினைந்து, இருபது தோட்டாக்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள், ஏனெனில் ஒவ்வொரு நிறுவனமும் குண்டில் பூசும் மெழுகுக் கொழுப்பு வேறு. பழைய பூச்சு குழலிலிருந்து நீங்கிப் புதியது படிய அவ்வளவு தேவை. பிறகு ஒவ்வொரு லாட்டிலும் பத்துத் தோட்டா வீதம் ஐந்து குரூப்புகள் (ஒரே குறியில் சுட்ட குண்டுத் துளைகளின் கூட்டங்கள்) சுடுங்கள். மூன்று தோட்டா குரூப்பைப் பெருமையாகக் காட்டுபவர்களை நம்ப வேண்டாம். எண்ணிக்கை குறையக் குறையக் குரூப் சிறிதாகத்தான் தெரியும், அதில் ரைபிளின் திறமை ஏதும் இல்லை. வெளியோரத்திலிருந்து வெளியோரம் அளந்து 5.6 மி.மீ.யைக் கழித்தால் மையத்துக்கு மையம் கிடைக்கும். ஐந்து குரூப்புகளில் மிகச் சிறியதை மறந்துவிட்டு, மிகப் பெரியது 16 மி.மீ.க்குள் இருக்கிறதா என்று பாருங்கள்.

காற்று இல்லாத அதிகாலையில் இதைச் செய்வது நல்லது. நம் ஊரில் பத்து மணிக்கு மேல் வெயிலில் இலக்குக்கு முன்னால் கானல் அலையத் தொடங்கிவிடும். தோட்டாப் பெட்டியை வெயிலில் நின்ற காரில் விட்டுவிட்டுச் சோதனை செய்தால், உருகிய மெழுகும் கூடிய வேகமும்தான் சோதனைக்குள்ளாகும். கீழே மணலில் விழுந்த தோட்டாவை ஊதிவிட்டுப் போடும் பழக்கமும் வேண்டாம். மெழுகில் ஒட்டிய மணல் குழலுக்குள்ளேதான் போகும்.

பொருந்திய லாட் தெரிந்ததும், அதே நாளில் அந்த லாட்டில் கிடைப்பதில் ஓராண்டுப் பயிற்சிக்கும் போட்டிக்கும் தேவையானதை, உரிமத்தில் அனுமதித்த அளவுக்குள், வாங்கி வைத்துவிடுங்கள். அடுத்த மாதம் கடைக்குப் போனால் பெயர் அதேதான் இருக்கும், லாட் எண் மாறியிருக்கும்.